ஏழாவது நாற்காலி

ஜூரிக்காக அந்தக் கோர்ட்டில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் காலையிலிருந்து ஒரே காரியத்துக்காகத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒரு பெண்மணிக்கு இடுப்பு வலி. ஒரு விவசாயியின் பசுக்களுக்குப் பால் கறக்க ஆள் இல்லை. முன்வரிசையில் இருந்த கிழவர் தனக்குக் காது கேட்காது என்றார். நீதிபதி ரோவினா ஸ்ட்ராட் குரலை நன்றாகத் தணித்துக்கொண்டு, "எந்தக் காது?" என்றார். "இடது" என்று சட்டென்று பதில் சொல்லிக் கிழவர் மாட்டிக்கொண்டார்.

கடைசி பெஞ்சில் ஓட்டிஸ் பெல் தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

போர்ட்லண்டில் ஒரு பாரில் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன். உள்ளே வருகிறவனின் நடையைப் பார்த்தே, இவன் அழப்போகிறானா அடிக்கப்போகிறானா என்று சொல்லிவிடுவான். அதைக் கவனித்துத்தான் டாக்டர் இமோஜின் ஹாலக் அவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். மனோதத்துவம் படித்தவர் இமோஜின். ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கித் தீர்ப்புச் சொல்ல வைக்கும் ஜூரியில் யாரை உட்கார வைக்கலாம், யாரை நைசாக வெளியே அனுப்பலாம் என்று வக்கீல்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவருடைய தொழில். காரணமே சொல்லாமல் சிலரை நிராகரிக்க இரண்டு தரப்புக்கும் உரிமை உண்டு. அந்தச் சிலர் யார் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

இந்த வழக்கில் பாதி இல்லை, முழுசும் அதில்தான் இருந்தது. இருபத்திரண்டு வயது கேலப் டியர்பார்ன், ஆற்றோரம் தனியாக வசித்த மிரில் லவாய் என்ற பெண்மணியைப் பாதாள அறைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. அவளுக்கு விறகு பிளந்து, பனி வாரிக்கொடுத்து வந்தவன் அவன். வீட்டுக் கதவில் அவன் கைரேகை. அதைவிட மோசம், போலீஸைக் கண்டதும் ஓடியிருந்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தூக்கு கிடையாது. ஆனால் ஜூரி 'குற்றவாளி' என்று சொல்லிவிட்டால், அவன் தலை நரைத்துச் சாகும்வரை ஜெயில் கதவு திறக்காது.

இமோஜின், கேலபின் வக்கீல் கிளெமென்ட் ராயின் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அவருடைய பேனா. படுத்திருந்தால் அந்த ஆளை வைத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து நின்றால் அனுப்பிவிட வேண்டும்.

ஏழாவது நாற்காலிக்காரரின் முறை வந்தது. பெயர் வெண்டல் க்ரோவ்ஸ். வயது அறுபதுக்கு மேல். பின்னல் சட்டை, சுத்தமாகச் சவரம் செய்த முகம், மடியில் கோத்த கைகள்.

"போலீஸ் சொல்றதெல்லாம் உண்மையா இருக்கும்னு நம்புவீங்களா?" கிளெமென்ட் கேட்டார்.

"அவங்களும் மனுஷங்கதானே சார். என் அண்ணனை ஒரு தடவை ஆள் மாறிப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதனால ரெண்டு தரப்பையும் கேட்டுட்டுத்தான் சொல்வேன்."

"உங்களுக்கு ஏதாவது அசௌகரியம்..."

"ஒண்ணும் இல்லை சார். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை."

கிளெமென்ட் மலர்ந்த முகத்தோடு திரும்பிப் பார்த்தார். பேனா படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. இமோஜின் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

*

மதிய இடைவேளையில் கோர்ட்டுக்கு எதிரே டோனட் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். வெளியே ஆற்றின் மேல் நவம்பர் மேகம் பழைய கம்பளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"க்ரோவ்ஸைக் கடவுளே அனுப்பியிருக்கார்" என்றார் கிளெமென்ட். "எனக்கு அவர் வேணும், டாக்டர்."

"அரசு வக்கீலுக்கும் அவர் வேணும். விஷார்ட் முகத்தைப் பார்த்தீங்களா? ரெண்டு பேருக்கும் ஒரே ஆளைப் பிடிச்சா எனக்குப் பயமா இருக்கு."

"எங்க அத்தையை ரெண்டு பேருக்குப் பிடிச்சுது" என்றான் ஓட்டிஸ். "கடைசியில ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில."

இமோஜின் சிரிக்கவில்லை. "ஓட்டிஸ், காலையிலிருந்து அங்க உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் என்ன பண்ணாங்க?"

"தப்பிக்கப் பார்த்தாங்க."

"ஒருத்தர் மட்டும்?"

ஓட்டிஸ் மெல்லுவதை நிறுத்தினான். அந்த ஆளை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். மற்றவர்களைக் கேள்வி கேட்டபோதெல்லாம் க்ரோவ்ஸ் கேள்வி கேட்டவரைப் பார்க்கவில்லை. பதில் சொன்னவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். யார் வெளியேறினார்கள், எந்தப் பதிலால் வெளியேறினார்கள் என்று.

"பரீட்சை ஹால்ல முன்னாடி உட்கார்ந்தவன் பேப்பரைப் பார்த்து எழுதின மாதிரி" என்றான் மெதுவாக. "அவருக்கு அந்த நாற்காலி வேணும் பாஸ்."

"எதுக்குன்னு தெரியணும். அவர்கிட்டப் பேசக்கூடாது. அக்கம்பக்கத்துலயும் பேசக்கூடாது. தெரு வழியாப் போகலாம், பார்க்கலாம். போயிட்டு வா."

"வாயைத் திறக்காம ஒரு வேலையா? அதுக்குச் சம்பளத்தைக் கூட்டணும் பாஸ்."

*

க்ரோவ்ஸின் வீடு மில்லுக்குப் பின்னால், மேப்பிள் மரங்கள் நிறைந்த தெருவில் இருந்தது. ஓட்டிஸ் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். வெள்ளை வீடு, மூடிய ஜன்னல் திரைகள். வாசல் புல்வெளி முழுக்க உதிர்ந்த சருகுகள். நடுவில், கம்பிக் கால்களில் நின்ற ஓர் அட்டை: 'எங்கள் போலீஸாரோடு நாங்கள் நிற்கிறோம்.'

ஓட்டிஸ் விசில் அடித்தான். தெருவில் நின்றபடியே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"பிடிச்சாச்சு பாஸ்!" கோர்ட் நடைபாதையில் போனை நீட்டினான். "உள்ளே வந்து அண்ணனைப் பிடிச்சாங்க, மாமனைப் பிடிச்சாங்கன்னு உருகினாரு. வாசல்ல பாருங்க. பையனை உள்ளே தள்ளத்தான் துடிக்கிறாரு மனுஷன்."

இமோஜின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். வாசகத்தைப் படிக்கவில்லை. கீழே போனார், கம்பிக் கால்கள் தரையில் இறங்கும் இடத்துக்கு.

"இலையைப் பாரு."

பழுத்துக் காய்ந்த ஒரு மேப்பிள் இலை, கம்பியில் குத்துப்பட்டுத் தரையோடு தைக்கப்பட்டிருந்தது. இன்னொரு காலிலும் அதே மாதிரி இரண்டு.

"அட்டை முன்னாடியே இருந்திருந்தா இலை அதைச் சுத்தி விழுந்திருக்கும்" என்றார் இமோஜின். "இது இலை உதிர்ந்த பிறகு நட்டது. ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் கிடைச்ச பிறகு."

"ஆனா... எதுக்கு? கோர்ட்ல நம்மளைக் குளிப்பாட்டிட்டு வாசல்ல போலீஸுக்கு ஜே போட்டா..."

"நாம மட்டும்தான் தெருவுக்கு ஆள் அனுப்புவோமா?"

ஓட்டிஸுக்குப் புரிந்தது. அரசு தரப்பு ஆளும் அந்தத் தெரு வழியாகப் போவான். அட்டையைப் பார்ப்பான். திரும்பி வந்து, நல்ல ஆள்தான், வைத்துக்கொள்ளலாம் என்பான். நமக்குக் காதில் ஒரு கதை, அவர்களுக்குக் கண்ணில் ஒரு கதை. இரண்டு பேரும் நிராகரிக்காமல் இருக்க இரண்டு தூண்டில்.

"அவர் எந்தப் பக்கம் பாஸ்?"

"தெரியல. அதுதான் எனக்குப் பிடிக்கல."

கிளெமென்டுக்கும் பிடிக்கவில்லை. "அப்போ நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பிடறேன். என்கிட்ட இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கு."

"அனுப்பினா வீட்டுக்குப் போயிடுவார். ஏன் வந்தார்னு நமக்குத் தெரியவே தெரியாது" என்றார் இமோஜின். "ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு கொலை வழக்குக்குள்ள வர்றார்னா, இந்த வழக்குல யாரோ ஒருத்தர் அவருக்கு வேண்டியவங்க. உயிரோட இருக்கறவனை முதல்ல கேட்போம்."

*

மறுநாள் கோர்ட் கூடுவதற்கு முன்பு, கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் கேலப் உட்கார்ந்திருந்தான். கோர்ட்டுக்காகக் கடன் வாங்கிய கோட் தோளில் தொளதொளத்தது. நகங்களைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தான்.

"ஏழாவதா உட்கார்ந்திருக்கறவரைத் தெரியுமாப்பா?" இமோஜின் கேட்டார்.

"இல்லை மேடம். பார்த்ததே இல்லை."

"அந்தம்மா வீட்டுக்கு யாராவது வருவாங்களா?"

"நான் இருக்கும்போது யாரும் வந்ததில்லை. ஆனா..." கேலப் யோசித்தான். "சில நாள் கழுவற தொட்டியில ரெண்டு காபிக் கோப்பை கிடக்கும். கேட்டா பேச்சை மாத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமை யாரோ காரில எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவுல ஒரு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவாங்க போல. போன வருஷக் கோடையோட அதுவும் நின்னு போச்சு. ரொம்ப அழுத்தமானவங்க, மிரே."

"மிரேவா? அது யாரு?" என்றான் ஓட்டிஸ்.

"அவங்கதான் சார். அவங்க பேரே அதுதான். எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. பிரெஞ்சுக்காரங்க. நான்கூட முதல்ல மிரில்னு சொல்லித் திட்டு வாங்கினேன். டி.வி.லயும் தப்பு, பேப்பர்க்காரங்களும் தப்பு. மேலே கோர்ட்லயும் எல்லாரும் மிரில், மிரில்னுதான் சொல்றாங்க. கேட்கவே கஷ்டமா இருக்கு."

இமோஜின் அவனைப் பார்க்கவில்லை. ஓட்டிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிஸ், இப்போ ஒரு முகம் வச்சியே, அது என்ன?"

"எந்த முகம்? பிறந்ததிலிருந்து இது ஒண்ணுதான் இருக்கு."

"மிரேன்னு அவன் சொன்னதும். புருவம் சுருங்கிச்சு, வாய் லேசாத் திறந்துச்சு, யாரு அதுன்னு கேட்டே." அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவ்வளவு நாளா இந்த வழக்கிலேயே கிடக்கிற உனக்கே புரியல. மேலே உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் புரியாது. புரியக்கூடாது."

கிளெமென்ட் கையை மேஜையில் ஊன்றினார். "புரிஞ்சவங்க இருந்தா?"

"புரிஞ்சவங்களுக்கு அந்த முகம் வராது" என்றார் இமோஜின்.

*

அரசு வக்கீல் கார்ல்டன் விஷார்ட் காலையிலேயே எழுந்து, இந்தப் பன்னிரண்டு பேரிலும் தனக்குத் திருப்தி என்று அறிவித்தார். ஏழாவது நாற்காலியில் க்ரோவ்ஸ் தலையைக் குனிந்து, கோத்த கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தத் தலை குனிவில் ஒரு நிம்மதி இருந்ததை ஓட்டிஸ் கவனித்தான். கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி.

கிளெமென்ட் எழுந்தார். நிதானமாக நடந்து ஜூரியின் முன்னால் நின்றார்.

"எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு கேள்வி. மிரேவை உங்கள்ல யாருக்காவது பழக்கம் உண்டா?"

ஓட்டிஸ் வரிசையைப் பார்த்தான்.

புருவங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. இடுப்பு வலிக்காரப் பெண்மணி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். காது கேட்காத கிழவர் இரண்டு காதையும் முன்னால் நீட்டினார்.

"அது ஆளு பேரா, ஊரு பேரா?" என்றார் பசுக்காரர்.

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண், "யாருங்க அது?" என்று கேட்டாள்.

ஏழாவது நாற்காலியில் மட்டும் முகம் சுருங்கவில்லை. க்ரோவ்ஸ் தலையை அமைதியாக, மரியாதையாக அசைத்தார்.

"இல்லைங்க" என்றார். "அந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை."

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது தப்பு என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை அறையின் நடுவில் தனியாக நின்றது. ஆளா ஊரா என்றே மற்றவர்களுக்குத் தெரியாதபோது, இவருக்கு மட்டும் அது ஒரு அம்மா.

மேஜையில் இமோஜினின் பேனா நிமிர்ந்து நின்றது.

கிளெமென்ட் நீதிபதியின் மேஜையருகே போய்த் தணிந்த குரலில் பேசினார். விஷார்ட் பாய்ந்து வந்தார். "வெறும் உச்சரிப்பு! ஒரு உச்சரிப்பை வச்சுக்கிட்டு..."

"மிஸ்டர் விஷார்ட்" என்றார் நீதிபதி ஸ்ட்ராட். "அந்தக் கேள்வி எனக்கே புரியல. யாரைச் சொல்றார்னு நானே யோசிச்சேன். உட்காருங்க."

மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார். காலியான நாற்காலிகளுக்கு நடுவே வெண்டல் க்ரோவ்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். கதவருகே இருந்த காவலர் இரண்டடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"மிஸ்டர் க்ரோவ்ஸ், மிரேங்கிற பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

க்ரோவ்ஸின் கண்கள் அறையைச் சுற்றி வந்தன. பொய் ஒன்றைத் தேடுகிறார் என்று ஓட்டிஸ் நினைத்தான். ஆனால் அவர் தேடியது கேலபை. கிளெமென்டின் மேஜையில் அந்தத் தொளதொளத்த கோட்டைக் கண்டதும் பார்வை அங்கேயே நின்றது.

"அந்தப் பையனை அனுப்பிடுங்கம்மா" என்றார்.

விஷார்டின் வாய் திறந்து அப்படியே நின்றது.

"அதுக்காகத்தான் வந்தேன். உள்ளே எத்தனை பேர் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கப் போறதில்லை. ஒருத்தர் ஒத்துக்கலைன்னாக்கூட அவனைத் தண்டிக்க முடியாதாமே. படிச்சுப் பார்த்தேன்."

ஓட்டிஸ் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நேற்றிலிருந்து அவர்கள் யாரைக் கண்டு பயந்தார்களோ, அவர் கேலபின் பக்கம். அந்தப் பன்னிரண்டு பேரில் கேலப் நிரபராதி என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள். அவரைத்தான் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளெமென்டின் முகம் சாம்பலாகிவிட்டது. இமோஜின் மட்டும் அசையவில்லை.

"அவன் குற்றம் செய்யலைன்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?" நீதிபதியின் குரலில் இப்போது ஜாக்கிரதை வந்திருந்தது.

"அவன் கிளம்பும்போது அவ உயிரோட இருந்தாளே. விறகை அடுக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனான். அவ சமையலறை ஜன்னல்ல நின்னு அவனைப் பார்த்துக் கையை ஆட்டினா."

"நீங்க எங்கிருந்து பார்த்தீங்க?"

க்ரோவ்ஸ் தன் கைகளைப் பிரித்தார். முதல் தடவையாக அவை மடியில் கோத்துக்கொள்ளாமல் கிடந்தன. பெரிய கைகள்.

"அவளுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன்" என்றார். "இனிமே வராதேன்னு சொல்லிட்டா. எத்தனையோ வருஷம் கழிச்சு, ஒரு காபி குடிக்கிற நேரத்துல சொல்லிட்டா. நான்..."

"போதும்!" நீதிபதியின் கை மேஜையில் அறைந்தது. "மிஸ்டர் க்ரோவ்ஸ், இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. ஒரு வக்கீல் பக்கத்துல இல்லாம நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

காவலர் அருகில் வந்தார். க்ரோவ்ஸ் எந்த எதிர்ப்பும் காட்டாமல் எழுந்தார். பஸ்ஸில் யாருக்கோ இடம் கொடுக்க எழுந்திருப்பவர் போல நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இமோஜினைத் தாண்டும்போது நின்றார்.

"என்னை விட்டிருந்தா அவனை நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் மேடம். யாருக்கும் கஷ்டம் இல்லாம."

"மிரேவுக்கு?" என்றார் இமோஜின்.

காவலர் க்ரோவ்ஸைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துப் போனார்.

விஷார்ட் கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, விசாரணையை ஒத்திவைக்க வேண்டும் என்று கேட்டார். இதுவரை அவர் குரலில் இருந்த முறுக்கு காணாமல் போயிருந்தது. நீதிபதி ஒத்திவைத்தார். அரசு தரப்பு வழக்கைத் திரும்பப் பெறும்வரைகூடக் காத்திருக்காமல், அன்று மாலைக்குள் கேலபை வெளியே விடுவது பற்றித் தானே விசாரிக்கப்போவதாக அறிவித்தார்.

ஓட்டிஸ் தடுப்பைத் தாண்டி முன்னால் வந்தான். "பாஸ், அந்த ஆளுக்கு மனசாட்சி இருக்கா இல்லையா?"

"பாதி இருக்கு" என்றார் இமோஜின், பேனாவை மூடிக்கொண்டே. "இந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாதுங்கற வரைக்கும் இருக்கு. தான் போகணும்ங்கற அளவுக்கு இல்லை."

கிளெமென்ட் கேலபின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "புரியுதாப்பா? முடிஞ்சுது! நீ வீட்டுக்குப் போகப் போறே. கேட்குதா?"

கேலப் அவரைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வந்துவிடும் என்று மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. உதடுகள் மட்டும் எதையோ கணக்குப் போடுவது போல அசைந்தன.

"சார்" என்றான் கடைசியில். "அன்னைக்கு நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல்ல கையை ஆட்டினாங்க. ரொம்ப நேரம் ஆட்டினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டிட்டுப் போயிட்டேன்."

அவன் கிளெமென்டின் பக்கம் திரும்பினான்.

"அவங்க என்னைக் கூப்பிட்டாங்களா சார்?"